கேட்ட நாள்

மாசி 20, செவ்வாய்

சாருலதா மேடம் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். தினமும் தோட்டத்தில் என்ன வேலை செய்கிறேனோ அதை எழுத வேண்டுமாம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றேன். அது போதும், பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்றார்கள். பேசுகிற மாதிரி எழுத வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதின மாதிரிதான் வருகிறது.

பூவன்குறிச்சி அரண்மனையை இப்போது ஒரு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. மேடம் அதில் வேலை. ராஜாக்களைப் பற்றி மூன்று அலமாரி காகிதம் இருக்கிறது, பூங்காவனத்தில் வேலை செய்தவர்களைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை என்று வருத்தப்பட்டார்கள். பங்குனித் திருவிழா முடிந்ததும் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்னோடு தோட்டத்தில் வேலை செய்கிற கோமுவுக்கும் ஒரு நோட்டு கொடுத்தார்கள். அவள் அதை வைத்து விசிறிக்கொண்டிருக்கிறாள்.

என் பெயர் முப்பிடாதி. வயது நாற்பத்தாறு. பூங்காவனத்தின் மேற்கு மதிலை ஒட்டின வீட்டில் இருக்கிறேன். என் வேலை முதல் கூடை. அரண்மனைக் கோயில் வடிவம்மனுக்கு விடிந்ததும் போகிற முதல் பூவை நான்தான் எடுக்கிறேன். குளித்து, ஈரத்தலையோடு, மூச்சு பூவில் படாமல் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு எடுக்க வேண்டும். எடுக்கிறவள் கழுத்தில் தாலி இருக்க வேண்டும். வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் பூச்செடி பக்கம் போகக் கூடாது. பதினாலு வருஷமாக நான் எடுக்கிறேன். மற்ற வேலை எல்லோருக்கும் பொது. களை, தண்ணீர், கவாத்து.

வீட்டுக்காரர் பெயர் எழுத வேண்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார்கள். வாயால் சொன்னதில்லை. எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். பலவேசம். அவரும் இந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பதினோரு வருஷமாகக் கேரளத்துப் புனலூரில் இருக்கிறார்.

மாசி 21, புதன்

நந்தியாவட்டை இரண்டு கூடை. அரளி ஒன்று. மகிழ மரத்தடி பெருக்கினேன்.

மாசி 23, வெள்ளி

நந்தியாவட்டை இரண்டு கூடை. வெள்ளிக்கிழமை என்பதால் செண்பகம் பத்து, கைக்கு எட்டின கிளையில் மட்டும். ஆறு மணிக்குப் பட்டரிடம் கூடையைக் கொடுத்தேன். தெற்கு வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக வருகிறது. சருகு அடைத்திருக்கும். நாளை பார்க்க வேண்டும்.

மாசி 24, சனி

வாய்க்காலில் சருகு அள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். பொம்பளைக் குரல். முப்பிடாதி அக்காவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"நான் புனலூர்லேருந்து விலாசினி. அவரு போயிட்டாரு அக்கா. நேத்து காலைல."

அதற்குமேல் அழுகைதான் கேட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது. நான் கட் பண்ணவில்லை. ஈரக்கை. பட்டன் பட்டிருக்கலாம்.

கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறேன். போயிட்டாரு என்றுதான் சொன்னாள். எங்கே போனார்? என்னை விட்டுப் போனவருக்கு அவளை விட்டுப் போவது பெரிய காரியமா? அன்றைக்கு நான் அழுதேன். இன்றைக்கு அவள் அழுகிறாள்.

வாய்க்கால் முழுவதும் சுத்தம் செய்தேன். நாளைக்குச் செய்ய வேண்டியதையும் இன்றே செய்துவிட்டேன்.

மாசி 25, ஞாயிறு

பூ எடுத்தேன். பிறகு பிச்சிக்கொடியைக் கவாத்து செய்தேன். இரண்டு பாத்தி வெட்டி முடித்து நிமிர்ந்தபோதுதான் கோமு ஓடி வந்தாள். பிச்சியை மார்கழி கடைசியில் வெட்டுவோம். இப்போது வெட்டினால் திருவிழாவுக்குப் பூ இருக்காது. இது எனக்குத் தெரியும். பதினாலு வருஷமாகத் தெரியும். ஏன் வெட்டினேன் என்று தெரியவில்லை. கத்தரி கையில் இருந்தது.

"எக்கா, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அம்மனுக்கு மொட்டை போடுதியா?" என்றாள் கோமு.

மீதி நாலு பாத்தி இருக்கிறது. சமாளிக்கலாம்.

சாயங்காலம் வீட்டைக் கழுவி விட்டேன். அவருடைய மண்வெட்டியின் காம்பு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன். ஊறினால் இறுகும். வருகிறவர் வந்ததும் காம்பு ஆடுகிறது என்று சத்தம் போடுவார்.

மாசி 26, திங்கள்

போன் ஐந்து தடவை அடித்தது. கை மண்ணாக இருந்தது.

மாசி 27, செவ்வாய்

போன் மூன்று தடவை. உரம் சுமந்துகொண்டிருந்தேன்.

மாசி 28, புதன்

வீட்டுக்கு வெள்ளையடித்தேன். கோமு அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன எக்கா, மாப்பிள வாராவளா? வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கு."

கேலிக்குத்தான் கேட்டாள். நான் சுண்ணாம்பு மட்டையைத் தொட்டியில் முக்கிக்கொண்டே, "அவுக அங்கேருந்து கெளம்பிட்டாவளாம்" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே கேட்டது. கோமு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். யார் சொன்னது என்று கேட்டாள். போன் வந்தது என்றேன். அது பொய் இல்லை. போன் வந்தது.

மாசி 29, வியாழன்

கோமுவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. காலையில் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். தோட்டத்துக்கு மேற்பார்வை அவர்தான். பலவேசம் வருகிறானாமே, எப்போது வருகிறான் என்று கேட்டார். நாள் தெரியாது என்றேன்.

அவருக்கு அதில் சந்தோஷம். உத்திரத்தன்று அம்மனுக்குச் செண்பக மாலை சாத்த வேண்டும். பூங்காவனத்தில் நாலு செண்பக மரம், எல்லாம் மூன்று ஆள் உயரத்துக்கு மேல். செண்பகக் கிளை சட்டென்று ஒடியும். எந்தக் கிளை ஆளைத் தாங்கும் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. அவர் போன பிறகு வருஷாவருஷம் கடையத்திலிருந்து ஒரு ஆளை வரச் சொல்கிறார்கள். அவன் பூவை விடக் கிளையைத்தான் அதிகம் இறக்குகிறான். இந்த வருஷம் கடையத்துக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார்.

தலையை ஆட்டினேனா என்பது நினைவில்லை. சொல்லிவிட்டார்.

பங்குனி 1, சனி

மாசப் பிறப்பு. மேடம் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் வந்ததும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டுமாம், பழைய பாத்தி எது, புதிய பாத்தி எது என்று படம் வரைய வேண்டுமாம். ஏன் புனலூர் போனார் என்று கேட்டார்கள். வேலைக்கு என்றேன்.

அது பாதிதான். பெரிய ராணியம்மா இறந்த பிறகு அரண்மனையில் கேட்பாரில்லை. மதில் இடிந்து ஆடுகள் உள்ளே வந்தன. தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். புனலூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தோட்டம் போட ஆள் தேடுகிறார்கள் என்று அவருக்குச் சேதி வந்தது. நீயும் வா என்றார். நாளைக்குப் பூ யார் எடுப்பா என்று நான் கேட்டேன். பூ எடுக்க ஆயிரம் பேர் வருவா, எனக்கு வேற யாரு வருவா என்றார். அப்போது விடிகிற நேரம். நான் வாய்த்துணியைக் கட்டிக்கொண்டேன். கட்டியிருந்தால் பேசக் கூடாது.

கூடையைப் பட்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். போய்விட்டிருந்தார். முதல் வருஷம் இரண்டு தடவை வந்தார். மறு வருஷம் வரவில்லை. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று பஸ்காரர்கள் சொல்லித்தான் தெரியும்.

இதை மேடத்திடம் சொல்லவில்லை. இதில் எழுதிவிட்டேன். தாளைக் கிழித்தால் தெரியுமா?

பங்குனி 3, திங்கள்

பட்டர் கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாதிக்குமேல் மொட்டு, அதுவும் காம்பு நசுங்கியிருந்தது. நடுவில் தும்பைச் செடி ஒன்று வேரோடு கிடந்தது. களையைப் பிடுங்கிப் பூக்கூடையில் போட்டிருக்கிறேன். உடம்பு சரியில்லையா என்று பட்டர் கேட்டார். வெயில் என்றேன். மணி ஆறுதான் ஆகியிருந்தது.

திரும்பப் போய் எடுத்து வந்தேன். எடுக்கும்போது வாய்த்துணி உள்ளே நான் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. என்ன பேசினேன் என்று கவனிப்பதற்குள் நின்றுவிட்டது.

பங்குனி 5, புதன்

இன்று உரக்குழி வேலை. அங்கே இருப்பது உலகம்மை மதினி. எனக்கு முன்னால் முதல் கூடை எடுத்தது அவள்தான். அவள் புருஷன் இறந்து பதினேழாம் நாள் குளித்து ஈரத்தலையோடு வந்தாள். அப்போது இருந்த கணக்கப்பிள்ளை பூங்காவன வாசலில் நிறுத்தி, இனி நீ உரக்குழிக்குப் போ என்றார். உள்ளே கூடையோடு நின்றது நான். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. நான் கூடையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அது ஒன்றும் மறையவில்லை. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

இன்று இரண்டு பேரும் சாணியை மிதித்துக் கலக்கிக்கொண்டிருந்தோம். பலவேசம் தம்பி வருதானாமே என்றாள். ம் என்றேன். போனில் யார் சொன்னது என்று கேட்டாள். அவள்தான், அந்தப் புனலூர்க்காரி என்றேன். மதினி கொஞ்ச நேரம் சாணியையே மிதித்தாள். பிறகு கேட்டாள்.

"கெளம்பிட்டாருன்னு சொன்னாளா, போயிட்டாருன்னு சொன்னாளா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மதினி."

"ஒண்ணா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாருக்கும் என் வீட்டு விஷயம்தானா என்று கத்தினேன். காலைக்கூடக் கழுவாமல் வந்துவிட்டேன். வீடு வரைக்கும் சாணிக்கால் தடம். வெள்ளையடித்த சுவரில் கை பட்டு அங்கேயும் சாணி.

பொறாமை அவளுக்கு. என் புருஷன் வருகிறார் என்ற பொறாமை.

பங்குனி 6, வியாழன்

நந்தியாவட்டை ஒன்றரைக் கூடை. உலகம்மை மதினிக்குப் பொறாமை கிடையாது. நேற்று எழுதினது தப்பு.

பங்குனி 8, சனி

சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்குப் போய் நின்றேன். செங்கோட்டையிலிருந்து வருவது. தினமும் நிற்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். ஏழு பேர் இறங்கினார்கள். எல்லாரும் இறங்கின பிறகு உள்ளே எட்டிப் பார்த்தேன். கண்டக்டர் யாரைத் தேடுகிறீர்கள் என்றான். சும்மா என்றேன்.

அண்ணாச்சிக்குக் கவலை வந்துவிட்டது. கொடியேற்றத்துக்குப் பதினொரு நாள் இருக்கிறது. கடையத்துக்காரன் வேறு இடத்தில் வேலை ஒத்துக்கொண்டானாம். பலவேசத்துக்குப் போன் போடு என்றார். போடுகிறேன் என்றேன். அந்த நம்பரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மகிழ மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். போட்டால் அவள்தான் எடுப்பாள். எடுத்தால் சொல்லுவாள்.

என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது.

பங்குனி 9, ஞாயிறு

பூ எடுத்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

பங்குனி 10, திங்கள்

நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். முன்னும் பின்னுமாக வந்தால் மேடம் மன்னிக்க வேண்டும்.

மத்தியானம் பூங்காவன வாசலில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். கொடியேற்றத்துக்கு வாசல் பந்தல் எங்கே போடுவது என்று அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். பட்டர் இருந்தார், மேடம், கோமு, நான். உலகம்மை மதினி கொஞ்சம் தள்ளி உரக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அப்போது ஒரு பொம்பளை வந்தாள். கறுப்பு, குள்ளம், நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை. கையில் துணிப்பை. முப்பிடாதி அக்கா யார் என்று கேட்டாள். குரல் தெரிந்துவிட்டது. நான் கோமுவுக்குப் பின்னால் போனேன். கோமு நகர்ந்து என்னைக் காட்டினாள்.

விலாசினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். மாசி இருபத்துமூணு வெள்ளிக்கிழமை விடியற்காலை நெஞ்சு வலி வந்தது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளை இல்லாததால் அவள் அண்ணன் மகன் கொள்ளி வைத்தான். பதினாறு முந்தாநாள் முடிந்தது. முடித்துவிட்டுப் புறப்பட்டு வந்தாள்.

கோமு தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வருகிறார் என்று சொன்னாயே எக்கா என்று அழுதாள். அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டர்தான் முதலில் தெளிந்தார். அவர் வேலை அது.

"முப்பிடாதி, நீ எப்போ கேட்டே?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி தெரியும். தூரத்துச் சாவுக்கு இறந்த நாள் கணக்கில்லை. கேட்ட நாள்தான் கணக்கு. காது கேட்ட நிமிஷத்திலிருந்து தீட்டு.

நான் வாயைத் திறப்பதற்குள் பட்டரே வழியும் சொல்லிவிட்டார். இப்போதுதான் கேட்டாய் என்றால் பதினாறு கழிந்து கேட்ட சாவு, அதற்கு மூன்று நாள் போதும். நாலாம் நாள் குளித்துவிட்டு வேலைக்கு வரலாம். முதல் கூடையை இனி கோமு எடுக்கட்டும். ஆனால் இதுவரைக்கும் நீ எடுத்த பூவுக்குத் தோஷம் இல்லை, உன் பேரில் குற்றம் இல்லை. நல்ல மனுஷர். என்னைத் தப்பிக்க வைக்கத்தான் அதைச் சொன்னார். விலாசினியைப் பார்த்து, நீ முன்னாடி போன் பண்ணினாயா அம்மா என்றும் கேட்டார்.

விலாசினி என்னைப் பார்த்தாள். என் கண்ணில் என்ன இருந்ததோ. திரும்பிப் பட்டரிடம் சொன்னாள்.

"கொறே தடவை விளிச்சேன் சாமி. கிட்டல்ல."

முன்பின் பார்க்காதவள். நான் அவளை இந்தப் பதினோரு வருஷம் என்னவெல்லாம் திட்டியிருப்பேன். எனக்காக அவ்வளவு பேர் முன்னால் பொய் சொன்னாள்.

நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. வாயில் வந்துவிட்டது. பட்டர் மூன்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். மூணு நாள். அந்த மூன்று விரலைத்தான் பார்த்தேன். இவள் பதினாறு நாள் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு மூணு. கல்யாணம் பண்ணிக்கொண்டு பத்தொன்பது வருஷம் கூட இருந்தவளுக்கு மூணு நாள். அதுவும் தெரியாமல் இருந்ததற்காக. எனக்குத் தெரியும். நான் வாய்க்கால் அள்ளினேன், பிச்சியை வெட்டினேன், சுவருக்கு வெள்ளையடித்தேன், பஸ்ஸுக்கு நின்றேன். ஒவ்வொரு நாளும் தெரியும். ஆமாம் என்றால் அந்த நாளெல்லாம் இல்லை என்று ஆகிவிடும்.

"மாசி இருபத்துநாலு, சாமி," என்றேன். "மத்தியானம். இவ சொன்னா. நான் கேட்டேன்."

பட்டர் விரலை மடக்கினார். பிறகு அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். மாசி இருபத்துநாலிலிருந்து பதினாறு நேற்றோடு முடிந்துவிட்டது. அப்படியானால் இன்றைக்கு எனக்குத் தீட்டே இல்லை. ஆனால் அதுவரைக்கும் அம்மனுக்கு நான் போட்ட பூவெல்லாம் தீட்டு. பொய் சொன்னால் பூ சுத்தம், நான் தீட்டு. உண்மை சொன்னால் நான் சுத்தம், பூ தீட்டு. அவரே குழம்பிப்போய், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கப்பா இருந்தா கேக்கலாம் என்றார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்திருப்பேனோ என்னவோ.

"எனக்குப் பதினாறு நாள் வேணும்," என்றேன். "இன்னையிலேருந்து."

அண்ணாச்சிக்குக் கோபம் தாங்கவில்லை. செத்தவன் வருகிறான் என்று சொல்லி எல்லாரையும் காக்க வைத்தாய், திருவிழாவுக்கு முன்னால் சன்னதியைக் கழுவ வைத்தாய், இனி பூங்காவன வாசலை மிதிக்காதே என்றார். மேடம் குறுக்கே பேச வந்தார்கள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் சொன்னது நியாயம்தான். அம்மனிடம் நான் பதினாறு நாள் திருடியிருக்கிறேன். அல்லது கொடுத்திருக்கிறேன். எது என்று எனக்குத் தெரியவில்லை.

விலாசினி செங்கோட்டைக்குத் திரும்புகிற நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்கு முன்னால் என் வீட்டில் அரை மணி நேரம் இருந்தாள். நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தாள். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன். ஆறு என்றாள். ஆறு மணிக்கு நான் பட்டரிடம் கூடையைக் கொடுத்தேன் என்று இதிலே எழுதியிருக்கிறது. அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது.

போகும்போது, "நான் பொய் சொன்னது வெறுதே ஆயி அக்கா," என்றாள். வீணாகிவிட்டது என்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை.

பங்குனி 11, செவ்வாய்

வேலை இல்லை. அழுதேன்.

பங்குனி 12, புதன்

அழுதேன். கோமு சோறு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். முதல் கூடை எடுத்தாளாம். துணி கட்டினால் தும்மல் வருகிறதாம். எடுத்த பூவைக் கொட்டிவிட்டு மறுபடி எடுத்தாளாம். நந்தியாவட்டையைக் காம்போடு எடுக்கிறாயா இல்லையா என்று கேட்டேன். கேட்ட பிறகு, அது இனி என் வேலை இல்லை என்று நினைவு வந்தது.

பங்குனி 15, சனி

அழவில்லை. அழாமல் இருந்தால் நாள் கணக்கில் வருமா என்று யாரிடம் கேட்பது?

பங்குனி 19, புதன்

கொடியேற்றம். மேளம் கேட்டது. செண்பகம் பறிக்க அண்ணாச்சியே நுனியில் கொக்கி கட்டித் தோட்டிக் கம்பு செய்து வைத்திருக்கிறாராம். கோமு சொன்னாள்.

சாயங்காலம் எனக்கு என் வீட்டுக்காரர்மேல் கோபம் வந்தது. நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்லியிருப்பார்? நான் போனை எடுத்திருப்பேனா?

பங்குனி 25, செவ்வாய்

பதினாறாம் நாள். உலகம்மை மதினி வந்தாள். அவளைத் தவிர யாரும் உள்ளே வரவில்லை. தாலிக்கயிற்றின் முடிச்சு எனக்கு அவிழவில்லை. இறுகிப்போய் இருந்தது. மதினி பல்லால் கடித்து அவிழ்த்தாள். நாளைக்கு உரக்குழிக்கு வா, நான் அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன் என்றாள்.

பங்குனி 26, புதன்

உரக்குழி. அம்மன் கழுத்திலிருந்து இறக்கின மாலைகளெல்லாம் இங்கேதான் வருகின்றன. திருவிழா என்பதால் மலைபோலக் கிடக்கிறது. இப்போது எல்லாம் நைலான் நூலில் கட்டுகிறார்கள். அது மக்காது. மாலை மாலையாக எடுத்து நூலை உருவிவிட்டுப் பூவைக் குழியில் தள்ள வேண்டும். நானும் மதினியும் எதிரெதிராக உட்கார்ந்து உருவினோம்.

பத்து மாலை உருவியிருப்போம். பிறகு அன்றைக்குக் கத்தினதற்கு மனதில் வைத்துக்கொள்ளாதே மதினி என்றேன். அவள் அதைக் காதில் வாங்காத மாதிரி நூலையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எங்க வீட்டுக்காரவ காலைல நாலரைக்கே போயிட்டாவ. வாயில துளசித் தண்ணி விட்டேன், எறங்கல. தொட்டுப் பாத்தேன். போர்வைய இழுத்து மூடிட்டு, குளிச்சிட்டு வந்து கூடை எடுத்தேன். பட்டர் கையில கொடுத்துட்டுப் போயித்தான் சத்தம் போட்டேன்."

எனக்கு நூல் கையிலேயே நின்றுவிட்டது. ஏன் மதினி என்றேன்.

"அது கடேசிக் கூடைன்னு தெரியும்லா."

யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். பட்டரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, அம்மனுக்குத் தெரியும் என்றாள். அன்றைக்கு அலங்காரம் ரொம்ப நன்றாக இருந்தது என்று ஊரே சொன்னதாம்.

மேடத்திடம் இந்த நோட்டைக் கொடுக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மதினி சொன்னதை இதில் எழுதலாமா, வேண்டாமா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அவளிடமே கேட்டேன். அவள் ஒரு முழு மாலையை உருவி முடித்துப் பூவைக் குழிக்குள் தள்ளினாள். நூலைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தாள்.

"எழுது. பேரை மட்டும் முழுசா எழுது. உலகு கிலகுன்னு சுருக்காத."

உலகம்மை. பூவன்குறிச்சி அரண்மனைப் பூங்காவனம். முதல் கூடை, பதினெட்டு வருஷம்.